படை சென்ற மகளிரின் குடிவழி காணும் முறை

முகவுரை

ஒருவர் தம் குலத்தைப் பற்றிக் கூறப் புகுந்தால், தந்தை, பாட்டன், முப்பாட்டன் என ஏணிப்படி ஏறுவது போல் ஏறிச் செல்வது நம் நாட்டு வழக்கம். சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள ஓர் ஊருக்குச் சென்று, முதியோர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து கேட்போமாயின், ஆண்மக்களின் பெயர்கள் நாலைந்து தலைமுறைக்குத் தடையின்றி வருதலைக் காணலாம். ‘அவர்தம் மனைவியர் பெயர் யாவை? அவர்கள் எவ்வூரிற் பிறந்தவர்கள்?’ என்று வினவினால், பெரும்பாலும் இரண்டாந் தலைமுறையிலேயே விடை நின்றுவிடும். பெண் பிறந்த வீட்டில், ‘வேறு வீட்டுக்குப் போனவள்’. புகுந்த வீட்டில், ‘வேறு வீட்டிலிருந்து வந்தவள்’. ஆகவே இரண்டு வீட்டாரின் குடிவழியிலும் அவள் பெயர் நிலைப்பதில்லை.

இவ்வழக்கத்தினால் நாம் இழப்பது யாது என்பதை ஒரு மெய்வரலாற்றைக் கொண்டு ஆராய்தலும், அவ்விழப்பை ஓரளவேனும் ஈடுசெய்யும் முறையை மாணவர்க்கு எடுத்துரைத்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொண்ட வரலாறு, இரண்டாம் உலகப் போரின்போது இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சிராணிப் படையிற் சேர்ந்து தொண்டாற்றிய தமிழ்ப் பெண்களைப் பற்றியது.

ஜான்சிராணிப் படை

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த ஆண்டு ஜூலைத் திங்களில் சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து, கிழக்காசிய இந்தியரின் விடுதலை இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார். ஆடவரைப் போலவே மகளிரும் படைக்கலம் ஏந்த வேண்டும் என்பது அவர் கொள்கை. அம்மாதத்திலேயே மகளிர் படையைப் பற்றிய அறிவிப்பு வெளிவந்தது. 1943ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் அப்படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். 1857ஆம் ஆண்டின் போரில் புகழ் பெற்ற ஜான்சி அரசியின் பெயரே படைக்கும் பெயராயிற்று.

அப்படையிற் சேர்ந்த பெண்களிற் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் கூலிவேலை செய்து வந்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர். அவர்களுள் இந்தியாவைக் கண்ணாற் கண்டிராதவர் மிகப் பலர். தாம் ஒருநாளும் மிதித்திராத மண்ணின் விடுதலைக்காக, அவர்கள் பால்வெட்டும் கத்தியைக் கீழே வைத்துத் துப்பாக்கியை எடுத்தனர். சிலர் செவிலியர் பணியும் கற்றனர். பின்னர் அவர்களில் ஒரு பகுதியினர் பர்மாவுக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் 1944இல் இம்பால் முற்றுகை தோல்வியுற்றமையால், முன்னணியில் நின்று போர் புரியும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் இரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, வானூர்திகளின் தாக்குதலுக்கு இடையே, காடும் ஆறும் கடந்து, பெரும்பாலும் கால்நடையாகவே அவர்கள் சயாம் நாடு நோக்கிச் சென்றனர்.

பின்வாங்கும் படை தன் ஏடுகளைக் காத்தல் அரிது. இப்படையின் முழுப் பெயர்ப்பட்டியல் நமக்குக் கிடைக்கவில்லை. படையின் தொகையைப் பற்றியே அறிஞர் வேறுபடுகின்றனர். ஆயிரம் பேர் என்பார் உளர். ஐந்நூற்றுக்கும் குறைவு என்பாரும் உளர். எண்ணிக்கையே துணியப்படாதபோது, ஒவ்வொருவரின் ஊரும் குடியும் அறியப்படாமை வியப்பன்று.

தலைவியின் குடிவழி

இருளில் இருப்பவரைத் தேடுமுன் ஒளியில் இருப்பவரைப் பார்ப்போம். படைத்தலைவி லட்சுமி 1914ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தவர். தந்தையார் எஸ். சுவாமிநாதன் சென்னையில் வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராய் விளங்கியவர். நாட்டியக் கலைஞர் மிருணாளினி சாராபாய் லட்சுமியின் தங்கை. லட்சுமி சென்னையில் மருத்துவம் கற்று 1938இல் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூர் சென்றார். 1947இல் பிரேம் சாகல் என்னும் படைத்தலைவரை மணந்து லட்சுமி சாகல் ஆனார். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, 2012இல் கான்பூரில் காலமானார்.

இவருடைய குடிவழி இவ்வளவு தெளிவாக நமக்குக் கிடைத்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கல்வியும் செல்வமும். கற்றவர் வீட்டில் கடிதங்கள் உண்டு, நாட்குறிப்புகள் உண்டு, கல்லூரிப் பதிவுகள் உண்டு. இரண்டாவது காரணம் நாம் ஊன்றி நோக்கத் தக்கது. அம்மு அம்மையார் மலையாள நாட்டு ஆனக்கரை வடக்கத்து என்னும் நாயர் தறவாட்டில் பிறந்தவர். மருமக்கள் தாயம் வழங்கிய அக்குடிகளில் பிள்ளைகள் தாயின் வீட்டைச் சேர்ந்தவராகவே எண்ணப்பட்டனர். தாய், தாயின் தாய், அவள் தாய் என்று எண்ணிச் செல்லுதல் அங்கு இயல்பு. நம் சமவெளியிலோ அவ்வழி அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே பெண்கள் மறக்கப்பட்டது அவர்கள் செயலின் சிறுமையால் அன்று, நாம் கணக்கெழுதிய முறையின் குறையால் என்பது பெறப்படும்.

பெயர் மாற்றம் என்னும் தடை

ஒரு பெண்ணைத் தேடுவோர் முதலில் எதிர்ப்படும் தடை அவள் பெயரே. லட்சுமி சுவாமிநாதன், லட்சுமி சாகல் ஆனதைக் கண்டோம். கோலாலம்பூரிற் பிறந்து, பதினெட்டாம் வயதிற் படையிற் சேர்ந்த ஜானகி தேவர், மணத்தின் பின் ஜானகி ஆதி நாகப்பன் எனப்பட்டார். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸை நிறுவியவர்களுள் ஒருவரான அவர், இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்று, 2014இல் இயற்கை எய்தினார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய இராசம்மா நவரத்தினம், பிற்காலத்தில் இராசம்மா பூபாலன் என்னும் பெயரோடு கோலாலம்பூர் மெதடிஸ்டு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக விளங்கினார்.

இம்மூவரும் புகழ் பெற்றவர்கள். ஆதலின் இரண்டு பெயர்களையும் இணைத்துப் பார்க்கும் நூல்கள் உள்ளன. தோட்டத்துப் பெண்ணுக்கோ அவ்வுதவி இல்லை. ஆகவே தேடுவோர், கன்னிப் பெயர், மணப் பெயர், வீட்டில் அழைத்த பெயர், திருமுழுக்குப் பெற்றவராயின் அப்பெயர் ஆகிய நான்கையும் முதற்கண் ஒரு தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். மலேசியப் பத்திரங்களில் பெண்ணின் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் இடையே ‘அனாக் பெரெம்புவான்’ என்னும் மலாய்ச் சொல்லின் சுருக்கம் வரும். அஃது ‘மகள்’ எனப் பொருள்படும். அதனால் தந்தையின் பெயர் எளிதிற் கிடைக்கும். தாயின் பெயரைப் பிறப்புச் சான்றிலேதான் காணவேண்டும்.

நம் சமவெளியிலிருந்து மலாயாவுக்கு

இனி, இப்பெண்களின் பெற்றோர் மலாயா சென்ற வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய தமிழ் ஜில்லாக்களுள் சேலமும் திருச்சிராப்பள்ளியும் குறிப்பிடத் தக்கவை. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் சேலம் ஜில்லாவை மிகவும் வாட்டியது; 1871ஆம் ஆண்டுக் குடிமதிப்பைக் காட்டிலும் 1881ஆம் ஆண்டில் மக்கள் தொகை குறைந்தே காணப்பட்டது. மழை பொய்த்தால் கூலி இல்லை, கூலி இல்லையேல் கஞ்சி இல்லை என்னும் நிலையில் இருந்த நிலமற்ற மக்கள் கடல் கடக்கத் துணிந்தனர்.

ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் முடிவுற்றது. அதன் பின்னர் கங்காணி முறையே மேலோங்கியது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் உரிமச் சீட்டுடன் தம் சொந்த ஊருக்கு வந்து, உறவினரையும் அண்டை அயலாரையும் சேர்த்து அழைத்துச் செல்வதே அம்முறை. அவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கிக் கப்பலேறிப் பினாங்கு முதலிய துறைகளில் இறங்கினர். 1938இல் இந்திய சர்க்கார் இவ்வாறு கூலியாட்களை அனுப்புதலைத் தடுத்துவிட்டனர். எனவே 1943இல் பதினெட்டு வயதுடைய தோட்டத்துப் பெண், பெரும்பாலும் கங்காணி முறையிற் சென்றவர்களின் மகளாக இருத்தல் கூடும்.

கங்காணி முறையின் இயல்பு ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாகும். கங்காணி தம் ஊராரையே அழைத்துச் சென்றமையால், ஒரே தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே வட்டாரத்தார் வாழ்ந்தனர். ஒருத்தியின் ஊர் தெரியாவிடினும், அவள் அண்டை வீட்டாரின் ஊரும் கங்காணியின் ஊரும் தெரியுமானால், தேடவேண்டிய பரப்பு மிகவும் சுருங்கிவிடும்.

தேடும் முறை

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பதே வரலாற்று ஆராய்ச்சியின் முதல் விதி. அதற்கேற்ப ஐந்து படிகளை வகுத்துரைப்போம்.

முதற்படி, வாய்மொழி. படையிற் சேர்ந்த மகளிரிற் பெரும்பாலோர் காலமாகிவிட்டனர். அவர்தம் மக்களும் முதுமை அடைந்துள்ளனர். ஆகவே ஏடுகளைத் தேடுமுன் மனிதரைத் தேடுதல் வேண்டும். ஏடு காத்திருக்கும், மனிதர் காத்திரார். கேட்கும்போது, ‘உங்கள் குலம் யாது?’ என்று தொடங்காமல், ‘உங்கள் தாயார் தம் தாயாரை எவ்வாறு அழைத்தார்?’ என்று தொடங்குவது நலம். முறைப்பெயர்கள் ஊரைக் காட்டும். தாயைப் பெற்றவரை அப்புச்சி, அமுச்சி என்றழைத்தால், அக்குடும்பம் கொங்கு வட்டாரத்ததாகலாம். செட்டிநாட்டில் அப்பச்சி என்பது தந்தையைக் குறிக்கும். ஆதலின் ஒரு சொல்லை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது.

இரண்டாம்படி, படைச் சான்று. இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிய ஆவணங்கள் புதுதில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்தியா திரும்பியவராயின், 1972இல் மத்திய சர்க்கார் தொடங்கிய விடுதலை வீரர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கலாம். வீட்டிலுள்ள பழைய நிழற்படத்தின் பின்புறத்தையும் மறவாமற் பார்த்தல் வேண்டும். நாளும் இடமும் அங்கு எழுதப்பட்டிருத்தல் உண்டு.

மூன்றாம்படி, தோட்டம். மலாயாவில் ஒரு தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தமிழர் வழங்கிய பெயர் வேறொன்றும் இருப்பது வழக்கம். இரண்டையும் ஒப்பிட்டறிந்தாலன்றிப் பதிவுகளைத் தேட இயலாது. தோட்டத்துக் கோயிலில் எத்தெய்வம் எழுந்தருளியுள்ளது, அத்தெய்வத்தை நம் ஊரில் எக்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று நிறுவினர் என்று வினவுதலும் பயன் தரும்.

இப்படியில் ஒரு துயரத்தையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவரைக் கொண்டு சென்றனர். அவர்களிற் பெருந்தொகையினர் நோயாலும் பசியாலும் மாண்டனர். படையிற் சேர்ந்த பெண்ணின் தந்தையோ தமையனோ அவ்வாறு மறைந்திருப்பின், அவருக்கு இறப்புப் பதிவே இராது. பதிவு இல்லாமையைக் கண்டு, ‘இப்படி ஒருவர் இருந்ததில்லை’ என்று முடிவு செய்தல் பெரும் பிழையாகும்.

நான்காம்படி, நம் ஊர். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899இல் சட்டம் இயற்றப்பட்டது. கிராமப் பதிவேடுகளில் பெற்றோர் பெயர் இருக்கும். ஆனால் பெயர் சூட்டுமுன்னரே பதிவு நிகழ்ந்தமையால், குழந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாய், ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்ற குறிப்பு மட்டும் இருத்தல் உண்டு. எனவே பெற்றோர் பெயரைக் கொண்டே தேடல் வேண்டும். பட்டாவும் அடங்கலும் நிலமுடையோரையே காட்டும். கூலிக்குச் சென்றோர் பெயர் அவற்றில் அரிது. 1980இல் பழைய கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஆதலின் அவர்கள் வசமிருந்த ஏடுகளைத் தாலுகா அலுவலகத்தில் விசாரித்தறிதல் வேண்டும்.

இங்கு எல்லை மாற்றத்தையும் நினைவிற் கொள்க. நாமக்கல் தாலுகா 1910இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டது. பின்னர் மீண்டும் சேலத்தோடு இணைந்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. ஒரே ஊரைச் சேர்ந்த தமையன் ‘சேலம் ஜில்லா’ என்றும் தம்பி ‘திருச்சிராப்பள்ளி ஜில்லா’ என்றும் பதியப்பட்டிருந்தால், அவர்கள் வெவ்வேறு ஊரார் என மயங்கற்க.

ஐந்தாம்படி, பெண்வழிச் சான்றுகள். இதுவே நம்மவர் பெரிதும் கைவிட்ட படியாகும். குடிவழிப் பட்டியலில் மறைந்த பெண், வேறு மூன்று இடங்களில் மறையாது நிற்கிறாள். ஒன்று, தாய்மாமன் சீர். காதணி விழாவிலும் பூப்பு நன்னீராட்டிலும் மாமன் சீர் எவ்வூரிலிருந்து வந்தது என்று கேட்டால், தாய் பிறந்த ஊர் வெளிப்படும். இரண்டு, மொய் ஏடு. மணவீட்டு மொய் ஏட்டில் ஊரும் பெயரும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சம்பந்திகள் ஊர் அனைத்தும் அதில் உண்டு. மூன்று, ஒப்பாரி. பிறந்த வீட்டுப் பெருமையைப் பெண்கள் சொல்லி அழும் அப்பாட்டுகளில், வேறெங்கும் எழுதப்படாத ஊர்ப்பெயரும் உடன்பிறந்தார் பெயரும் பாட்டிமார் வாயில் இன்றும் தங்கியிருத்தல் கூடும். கிறிஸ்தவக் குடும்பமாயின் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் உண்டு. சேலத்தில் இலண்டன் மிஷன் சங்கத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஊழியம் தொடங்கினமை ஈண்டு நினைக்கத் தக்கது.

ஓர் எடுத்துக்காட்டு

இம்முறை செயற்படும் விதத்தை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்குவோம். படையிற் சேர்ந்த ஒருத்தியின் பேர்த்தி மலேசியாவிலிருந்து எழுதுகிறாள் எனக் கொள்வோம். அவளுக்குத் தெரிந்தவை மூன்றே: பாட்டியின் பெயர்; பாட்டியின் தந்தை பெயர்; ‘எங்கள் ஊர் மலைக்கோயிலில் சாமி பாதி ஆண், பாதி பெண்’ என்று பாட்டி தன் தாயிடம் கேட்டுச் சொன்ன ஒரு வாக்கியம்.

அவ்வாக்கியம் திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் மலையைக் குறிக்கும் என்பதை நம் பக்கத்து மாணவர் எளிதில் உணர்வர். எனினும் மலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஊர்கள் உள. கங்காணியின் ஊர் இன்னதென்று தோட்டத்து முதியோர் வாயிலாக அறிந்தால், அவ்வூரிலும் அடுத்த ஊர்களிலும் தேடலாம். அங்கு, ‘மலாயா போனவர் வீடு’ என்று இன்றும் சுட்டப்படும் ஒரு வீடு இருக்கலாம். அவ்வீட்டாரின் மொய் ஏட்டில் சம்பந்தி ஊர்களைக் கண்டு, பாட்டியின் தாய் பிறந்த ஊரையும் அடையலாம். இவ்வளவும் பொருந்திய பின்னரே பிறப்புப் பதிவேட்டைத் திறத்தல் வேண்டும். தொடக்கத்திலேயே அதைத் திறந்தால் ஒரே பெயருடைய பலருள் மயங்கி நிற்போம்.

கொள்ளத் தக்க எச்சரிக்கைகள்

சான்று ஒன்றே ஆயின் அதை ஊகம் என்றே எழுதுக. தம்முள் தொடர்பற்ற இரண்டு சான்றுகள் ஒத்துவரின் துணிபு என்று எழுதுக. பழைய பதிவுகளில் வயது பெரும்பாலும் மதிப்பாகவே குறிக்கப்பட்டது. இரண்டு மூன்றாண்டு வேறுபாட்டால் ஒருவரை விலக்கற்க. ‘படையில் இருந்தாள்’ என்னும் செய்தி ‘போர்முனையில் பகைவரைச் சுட்டாள்’ என்று வாய்வழியில் வளர்தல் இயல்பு. உண்மையிற் பெரிதான செயலுக்குப் பொய் அணிகலன் வேண்டுவதில்லை. நோயாளர்க்கு மருந்திட்டதும், கால் வீங்க நடந்ததும், ஆயுதப் பயிற்சி பெற்று ஆணைக்குக் காத்திருந்ததும் தொண்டே.

மேலும், சாதியும் வறுமையும் கடனும் பழைய ஏடுகளில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அவற்றைக் குடும்பத்தாரின் இசைவின்றி வெளியிடுதல் தகாது. போர்க்காலத்தைப் பற்றிப் பேச விரும்பாத மூதாட்டியரை வற்புறுத்துதலும் தகாது. நாம் தேடுவது ஒரு குடும்பத்தின் மானத்தை உயர்த்துதற்கேயன்றிக் குலைத்தற்கன்று.

முடிவுரை

தலைவியரின் பெயரை நூல்கள் காத்துவிட்டன. தோட்டத்திலிருந்து சென்ற பெண்களின் பெயரை யார் காப்பது? அவர்களுடைய தாய்மார் இச்சமவெளியின் வரப்புகளில் நடந்தவர்கள். திருமணிமுத்தாற்றங்கரையிலும் காவிரிக்கரையிலும் குடமெடுத்தவர்கள். அவர்கள் பெயரைத் தேடிச் சேர்க்கும் கடமை இவ்வூர்களிற் பிறந்து கல்லூரியிற் பயிலும் நம்மையே சார்ந்தது.

மாணவ நண்பர்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வரும் கோடை விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் உங்கள் பாட்டியாரின் அருகில் அமருங்கள். அவர் பெயர், அவர் தாயார் பெயர், தாயாரின் தாயார் பெயர், ஒவ்வொருவரும் பிறந்த ஊர் ஆகியவற்றை முதற்பக்கத்தில் எழுதுங்கள். ‘கடல் கடந்து சென்ற பெண்கள் நம் குடும்பத்தில் உண்டா? அவர்கள் என்ன ஆயினர்?’ என்று அடுத்துக் கேளுங்கள். கிடைத்த விடையை நாளும் இடமும் இட்டு எழுதி வையுங்கள். கடலுக்கு அப்பால் ஒரு பேர்த்தி தன் பாட்டியின் ஊரைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு வேண்டிய பெயர் உங்கள் குறிப்பேட்டில் இருத்தல் கூடும்.